மாதரி கேட்காத கேள்வி

சிலப்பதிகாரத்துக்குப் புலவர் பெருமக்கள் சூட்டிய பெயர்கள் பல. கற்பின் காப்பியம் என்பார் ஒருவர். ஊழின் வலிமையை உரைக்க வந்த நூல் என்பார் மற்றொருவர். முத்தமிழ்க் காப்பியம், மூவேந்தர் காப்பியம், குடிமக்கள் காப்பியம் என்று மேடைதோறும் அடுக்கிச் சொல்லக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இத்தனை பெயர்களுக்கும் அடியில் எளியதொரு செய்தி மறைந்து கிடக்கிறது. பிறந்த ஊரில் வாழ்வு நொடித்துப்போன ஓர் இளங்குடும்பம், பிழைப்பு நாடி வேற்று நாட்டுத் தலைநகருக்குக் குடிபெயர்கிறது. அங்கே ஒரு வீடு அமைகிறது. அடுப்பில் நெருப்பு மூள்கிறது. முதற்சோறு உண்ட அன்றே அக்குடும்பம் வெட்டிச் சாய்க்கப்படுகிறது. சிலம்பின் நடுப்பகுதி முழுவதும் இந்தக் கதைதான்.

வந்தேறிய குடும்பம் ஒன்றுக்கு ஓர் ஊர் என்ன செய்யும், என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியோடு இந்நூலை நாம் படித்ததுண்டா? கண்ணகியின் கற்பை அளந்து பார்க்க ஆயிரம் கோல்கள் வைத்திருக்கிறோம். மதுரையின் பண்பை அளக்க ஒரு கோலாவது எடுத்தோமா?

நம் இயக்கத்துக்கும் இந்த நூலுக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அன்று. தந்தை பெரியார் சிலப்பதிகாரத்தைத் தாட்சணியமின்றிச் சாடினார். அதிலுள்ள மூடநம்பிக்கையையும் பெண்ணடிமைத்தனத்தையும் சுட்டிக்காட்டினார். அவரிடம் பாடம் கற்ற கலைஞரோ 1964-ல் அதே கதையைப் ‘பூம்புகார்’ என்னும் திரைப்படமாக எழுதினார். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகி சிலை எழுந்தது. 2001-ல் அது அகற்றப்பட்டது. 2006-ல் மீண்டும் நிறுவப்பட்டது. ஏற்பும் மறுப்பும் ஒரே முற்றத்தில் நின்று வாதிட்ட இந்த வரலாறு நமக்கு இழுக்கு அன்று, பெருமை. பெரியாரின் கண்டனத்தை மறுக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. அவர் தந்த கண்ணாடியை அணிந்துகொண்டு, இரு சாராரும் அதிகம் பேசாத ஒரு பெண்ணைப் பார்க்க எழுதப்படுகிறது. அவள் பெயர் மாதரி.

முதலில் வந்தவர்களைப் பார்ப்போம். கோவலன் புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். புகார் எத்தகைய ஊர்? கடல் கடந்து வந்த பல மொழியினர் தம் நாடு மறந்து கரையோரத்தில் கலந்து வாழ்ந்த ஊர் என்று இளங்கோவே இந்திரவிழாவைச் சொல்லும் காதையில் பாராட்டுகிறார். அயலாரை அருகில் குடிவைத்துப் பழகிய நகரத்தின் பிள்ளை அவன். மாதவியிடம் செல்வத்தை இழந்து, நாணி, மனைவியிடம் திரும்புகிறான். அவளிடம் எஞ்சியிருந்தது ஓரிணைச் சிலம்பு. அதை விற்று முதலாக்கி, இழந்த பொருளை மதுரையில் ஈட்டுவேன் என்கிறான். விடியுமுன் இருவரும் கிளம்புகின்றனர். பெற்றோரிடம்கூடச் சொல்லவில்லை. கடன்பட்டோ கெட்டோ ஊரைவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பும் குடும்பங்களை நாம் கண்டதில்லையா? அதே காட்சிதான்.

கண்ணகியிடம் யாராவது கேட்டார்களா? இல்லை. புறப்படு என்றான், புறப்பட்டாள். பின்னர், மதுரையில் உண்டு முடித்த வேளையில், அவனே இதை நினைத்து வியந்து வருந்துகிறான். அவளோ, உமது நடத்தை போற்றத்தக்கதாக இருக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், மறுத்துப் பேசாத உள்ளத்தோடு வாழ்ந்ததால் உடன் வந்தேன் என்கிறாள். கற்புக்குச் சான்றாக உரையாசிரியர் இந்தப் பதிலை எடுத்துக்காட்டுவர். நான் இதில் காண்பது, கேட்கப்படாத ஒருத்தியின் குறை. இந்திய நாட்டின் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இடம்பெயர்ந்தோர் தொகையை 45 கோடிக்கு மேல் எனக் காட்டிற்று. அவர்களில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோர் பெண்கள்; சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானது திருமணம். ஊர்விட்டு ஊர் போதல் என்றதும் பெட்டியோடு பிழைப்புக்குச் செல்லும் ஆணைத்தான் நாம் எண்ணுகிறோம். பெட்டியைக் கட்டு என்று சொல்லப்பட்டுக் கட்டியவளை எண்ணுவதில்லை. கண்ணகி அந்தக் கோடிகளின் மூத்தவள்.

காவிரிக் கரையோடு நடக்கின்றனர். கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி துணையாகிறார். உறையூர் கடந்து, கொடும்பாளூர் அருகே மூன்று பாதைகள் பிரியும் இடத்தில், ஒரு பார்ப்பனர் புதுமை ஒன்று சொல்கிறார். மலையிலுள்ள மூன்று பொய்கைகளில் மூழ்கினால் நினைத்ததெல்லாம் கைகூடுமாம்! கவுந்தி அவ்வழியை மறுத்துவிடுகிறார். நடந்து நடந்து கால் கொப்புளித்த குடும்பத்துக்கு வேண்டியது வரம் கொடுக்கும் குளம் அன்று. தலைக்குமேல் கூரையும் கைக்கு ஒரு தொழிலும். வையையை மரப்புணையில் கடந்து, மதுரைக்கு வெளியே அறவோர் வாழும் புறஞ்சேரியில் தங்குகின்றனர்.

இங்கிருந்துதான் காப்பியத்தை மெதுவாகப் படிக்க வேண்டும்.

மறுநாள் கோவலன் கவுந்தியிடம் மனைவியை ஒப்படைத்து, இந்நகர வணிகரிடம் என் நிலையைத் தெரிவித்துத் திரும்புகிறேன் என்று நகருக்குள் செல்கிறான். தன் இனத்தார், தன் தொழிலார், தந்தையின் பெயரறிந்தோர் உதவுவர் என்பது அவன் நம்பிக்கை. சென்றவன் என்ன செய்தான்? பொன் கடைத்தெரு, மணிக் கடைத்தெரு, கூலக் கடைத்தெரு, பரத்தையர் வீதி எல்லாம் கண்டான். கண்டு மகிழ்ந்து திரும்பினான். ஒரு வணிகனைக் கண்டு பேசியதாகக் காப்பியத்தில் ஒரு சொல்லும் இல்லை. வாய் திறந்து கேட்க நாணினானோ, கேட்டும் கதவு திறக்கவில்லையோ, இளங்கோ நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார். திரும்பியவன் பாண்டியன் ஆட்சியின் சிறப்பைக் கவுந்தியிடம் புகழ்ந்து பேசுகிறான். அந்த ஆட்சியின் வாள் நாளை தன்மேல் பாயும் என்பது அவனுக்குத் தெரியாது. புதிய ஊருக்கு வந்தவன் அந்த ஊரை நல்ல ஊர் என்று நம்பித்தான் ஆகவேண்டும். நம்பாவிட்டால் அவன் எங்கே போவான்?

அப்போது மாதரி வருகிறாள். ஆயர்குலத்து மூதாட்டி. இயக்கித் தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் வழியில் கவுந்தியை வணங்குகிறாள். கவுந்தி அவளிடம் சொல்வதில் ஒரு செய்தியைக் கூர்ந்து கவனியுங்கள், தோழர்களே! இவன் தந்தை யார் என்று தெரிந்தால் இந்நகரத்து அவனுடைய குலத்தார் அரும்பொருள் கிடைத்தது போல் விருந்தாக ஏற்று மனையில் வைத்துக்கொள்வர். அந்தச் செல்வர் மனை புகும்வரை இடைக்குலத்தவளான உன்னிடம் இவளை அடைக்கலம் தருகிறேன் என்கிறார்.

தந்தை யாரென்று தெரிந்தால் ஏற்பர்! குலம் தெரிந்தால் கதவு திறக்கும்! துறவியின் வாயிலேயே அந்தக் காலத்து மதுரையின் வழக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. செல்வர் வீட்டுக் கதவுக்குத் திறவுகோல் குலம். மாதரி வீட்டுக் கதவுக்கு? அவள் தந்தை பெயர் கேட்கவில்லை. குலம் கேட்கவில்லை. எத்தனை நாள் தங்குவீர்கள், என்ன தருவீர்கள் என்று கேட்கவில்லை. வழி நடந்த களைப்பைக் கண்டாள், அழைத்துச் சென்றாள். அரும்பொருள் பெற்றது போல் ஏற்பர் என்று சொல்லப்பட்ட குலத்தார் கடைசிவரை வரவேயில்லை. பால் கறந்து மோர் விற்று வாழும் குடிதான் ஏற்றது.

அவள் தந்த குடியிருப்பை இளங்கோ விளக்கும் அழகைப் பாருங்கள். மோர் விற்கும் பெண்கள் நெருங்கி வாழும் மனையின் சந்தடியில் அவர்களைத் தங்க வைக்கவில்லை. செம்மண் பூசி, பந்தர் இட்டு, காவல் அமைந்த தனிச் சிறுவீடு ஒன்றை ஒதுக்குகிறாள். கண்ணகியைப் புதுநீராட்டுகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். உன்னைப் பொன்போல் காப்பேன் என்கிறாள். வீடு, தண்ணீர், ஒரு துணை, ஓர் உறுதிமொழி. புதிதாய் வந்தவர்க்கு வேண்டியவற்றின் பட்டியல் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா?

அடுத்து உணவு. வந்தவன் சமண இல்லறத்தாரின் நோன்பு நோற்பவன். பகலிலேயே உண்ண வேண்டியவன். மாதரியோ கண்ணனைப் பாடிக் குரவையாடும் குடியைச் சேர்ந்தவள். அவர்களுடைய நோன்பை அறிந்து, சமைக்கப் புதிய கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள் என்று தன் வீட்டாரை விரட்டுகிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, நெல்லரிசி, தன் பசுவின் நெய் எல்லாம் வந்து சேர்கின்றன. ஐயை வைக்கோலால் தீ மூட்டித் தருகிறாள். காய் அரிந்து பழகாத செல்வர் மகளின் விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, புகையால் கண் சிவக்கிறது. பனையோலைத் தவிசில் கணவனை அமர்த்தி, வாழையிலையில் சோறு படைக்கிறாள்.

இங்கே நேர்மையாக இரு ஐயங்களை எழுப்பியாக வேண்டும். சமைத்த சோற்றைக் கொடுக்காமல் அரிசியும் காயும் கொடுத்தது ஏன்? தீட்டு எண்ணம் ஏதும் இதில் ஒளிந்திருக்கிறதா? நூல் சொல்லும் காரணம் நோன்பு ஒன்றே. நூலில் இல்லாததை நாம் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஐயம் வலியது. வந்தவர்கள் உயர்குடி வணிகர் என்று கவுந்தி முன்னரே சொல்லிவிட்டார். கந்தலுடுத்த கூலிக் குடும்பம் ஒன்று வந்திருந்தால் மாதரி இப்படி வரவேற்றிருப்பாளா? இதற்கு விடை காப்பியத்தில் இல்லை. ஏழைக் குடும்பம் ஒன்றை அந்த வாயிலில் நிறுத்திப் பார்க்க இளங்கோவுக்குத் தோன்றவில்லை. அது நூலின் குறை. ஆயினும் நமக்குக் கிடைத்திருக்கும் சான்று வரையில், உணவுப் பழக்கத்தை அறிந்துகொண்ட மாதரி அதை விலக்குவதற்குப் பயன்படுத்தவில்லை, உதவுவதற்குப் பயன்படுத்தினாள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேண்டியிருக்கும்.

உண்டு முடித்த கோவலன் ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குச் செல்கிறான். எதிரே அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் தானே திருடி வைத்திருப்பவன். யாரோ அயலான் ஒற்றைச் சிலம்போடு தனியே நிற்பதைக் கண்டதும், தன் களவை ஏற்றிவைக்க ஒரு தலை கிடைத்துவிட்டது என்று மகிழ்கிறான். அவன் ஏன் உள்ளூர்க்காரன் எவனையும் தேர்ந்தெடுக்கவில்லை? உள்ளூர்க்காரனுக்கு அண்ணன் தம்பி உண்டு, தெரு உண்டு, இவன் இன்னான் என்று சொல்லப் பத்துப் பேர் உண்டு. வந்தேறியவனுக்கு யார் உண்டு? ஊரில் ஒருவரும் அறியாதவன் என்பதுதான் கோவலன் செய்த ஒரே குற்றம்.

அரசன் என்ன செய்தான்? ஊடிய அரசியின் மனம் தணிக்க விரைந்து கொண்டிருந்தான். கொல்லன் சொன்ன சொல்லைக் கேட்டான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வருக என்றான். யார் அவன், எங்கிருந்து வந்தான், சிலம்பு எப்படிக் கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. காவலர் அவனைக் கண்டதும், இவன் கொலைக்குரிய திருடனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். ஆளும் அரசனுக்கு வராத ஐயம் ஏவல் செய்யும் எளியவர்க்கு வந்தது! அந்த ஐயத்தை ஓட்டக் கொல்லன் கையாளும் கருவிகளைப் பாருங்கள்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என எட்டு வகைத் துணைகள் திருடர்க்கு உண்டாம், ஆகவே தோற்றத்தை நம்பாதீர்களாம். உடனே காவலருள் ஒருவன், முன்னொரு இரவில் திருடன் ஒருவனிடம் தன் வாளையே பறிகொடுத்த கதையைச் சொல்கிறான். கதை அச்சத்தை வளர்க்கிறது. அச்சம் அறிவைக் கெடுக்கிறது. கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான். மூடநம்பிக்கை சாட்சி சொல்ல, வதந்தி தீர்ப்பெழுத, ஒரு மனிதன் வீழ்கிறான்.

இதைத்தான் ஊழ் என்கிறார்கள்!

விதியாம்! முற்பிறப்பாம்! சரி, அந்த முற்பிறப்புக் கதையையே எடுத்துப் பார்ப்போம். கட்டுரைக் காதையில் மதுரையின் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது: கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என இரு நகரங்கள், இரண்டின் அரசர்க்கும் பகை. பகைக்கு அஞ்சி இடைவழியில் எவரும் செல்லாத காலத்தில், சங்கமன் என்னும் வணிகன் மனைவியோடு அணிகலன் சுமந்து சிங்கபுரத்துக் கடைத்தெருவில் விற்க வருகிறான். அரச ஊழியனான பரதன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று பிடித்துக் கொடுத்துக் கொல்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி கதறிச் சாபமிட்டு இறக்கிறாள். அந்தப் பரதனே மறுபிறப்பில் கோவலன் ஆனானாம்.

பிறவிச் சுழலை உரித்துக் கீழே போடுங்கள். மிஞ்சுவது என்ன? மனைவியோடு வேற்றூருக்கு நகை விற்க வந்த ஒரு வணிகன், அயலான் என்பதாலேயே ஐயுறப்பட்டு, விசாரணையின்றிக் கொல்லப்பட்டான். மதுரையில் நடந்ததும் அதுவே. சிங்கபுரத்தில் நடந்ததும் அதுவே. ஊழுக்குச் சான்று என்று கொண்டுவந்து நிறுத்திய கதை, அயலாரைக் கொன்ற அரசுகளின் குற்றப் பட்டியலாக மாறி நிற்கிறது! ஒரே கொடுமை இரு நகரங்களில் இருமுறை நடந்தால் அதற்குப் பெயர் விதி அன்று, வழக்கம். விதியை மாற்ற முடியாது என்பர். வழக்கத்தை மாற்றலாம். மாற்ற வேண்டும். காப்பிய ஆசிரியர் தம் கொள்கைக்கு அரணாகக் கட்டிய சுவரே அக்கொள்கையின்மேல் சரிந்து விழுகிறது. நடந்ததை உள்ளபடி எழுதிய கலைஞர் ஒருவர் அத்துறவிக்குள் இருந்ததால் நேர்ந்த நன்மை இது.

கண்ணகி அவைக்கு வருகிறாள். தன் ஊர் புகார் என்று தலைநிமிர்ந்து சொல்கிறாள். வாழ்வதற்காகத்தான் உன் நகருக்கு வந்தோம் என்கிறாள். பிறகு செய்வது மந்திரமன்று. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நேற்றே செய்திருக்க வேண்டிய சோதனை. சில நொடி வேலை. அதைச் செய்யாததால் ஓர் உயிர் போயிற்று. குற்றத்தை உணர்ந்த அரசன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். இங்கே காப்பியம் நின்றிருந்தால் நாம் எழுந்து நின்று கைதட்டலாம்.

நிற்கவில்லையே! பார்ப்பாரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுத் தீயோரை மட்டும் எரிக்குமாறு தீக்கு ஆணையிட்டு, கண்ணகி நகரத்துக்கே நெருப்பு வைக்கிறாள். தீங்கு செய்தவன் ஒரு கொல்லன், ஓர் அரசன். எரிந்தது நகரம். அதனினும் கொடியது, நூலின் முன்னே நிற்கும் உரைபெறு கட்டுரை சொல்வது: கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிக்கப் பொற்கொல்லர் ஆயிரவரைக் களவேள்வியில் பலியிட்டானாம். ஒருவன் செய்த களவுக்கு ஆயிரம் தலைகள்! அந்த ஆயிரவரையும் யார் விசாரித்தார்? விசாரணையின்றி ஒருவனைக் கொன்ற குற்றத்துக்குக் கழுவாய், விசாரணையின்றி ஆயிரவரைக் கொல்வதா? ஒருவன் குற்றத்தை அவன் குலத்தின்மேல் ஏற்றும் இந்தக் கொடுமையைக் காப்பியம் கண்டிக்கவில்லை. விழாவாகச் சொல்லிச் செல்கிறது. இதை மறைத்துவிட்டுச் சிலம்பின் புகழ் பாடுவது திறனாய்வு ஆகாது.

மாதரியின் முடிவு என்ன? அடைக்கலமாகப் பெற்றவர்களைக் காக்க முடியவில்லையே என்று நள்ளிரவில் தீப்புகுந்து இறந்தாள். இந்தச் செய்தி வஞ்சிக்காண்டத்தில், மாடலன் வாய்மொழியாக, போகிற போக்கில் சொல்லப்படுகிறது. குற்றமற்றவள் தன்னைத்தானே தண்டித்துக்கொண்ட இந்தச் சாவை நாம் போற்றக்கூடாது. அவள் இறந்திருக்கவே வேண்டாம். ஆனால் ஓர் உண்மை நெஞ்சைச் சுடுகிறது. மதுரையில் வந்தவர்க்குக் கதவு திறந்த ஒருத்திக்கு இருந்த பொறுப்புணர்வு, கதவு திறக்காத பெருநகரில் வேறு எவர்க்கும் இருந்ததாகக் காப்பியம் காட்டவில்லை.

ஆக, இரண்டு கேள்விகள். ஒன்று, கேட்கக் கூடாத கேள்வி: நீ எந்தக் குலம்? மற்றொன்று, கேட்டே ஆகவேண்டிய கேள்வி: இவன்மேல் சுமத்தப்படும் பழி உண்மையா? கேட்கக் கூடாததை மாதரி கேட்கவில்லை. கேட்க வேண்டியதை மன்னன் கேட்கவில்லை. இந்த இரண்டு மௌனங்களுக்கு இடையில்தான் கோவலன் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

இன்று நாம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம்?

பணிமாறுதல் ஆணையோடு புது ஊருக்குச் சென்று வீடு தேடிய ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை தொங்கும். உள்ளே நுழைந்தால் சொந்த ஊர் எது என்பர். அந்த ஊரில் எந்தத் தெரு என்பர். குலதெய்வம் எது என்பர். நாகரிகம் மிகுந்தவர், சைவமா என்று மட்டும் மெல்லக் கேட்பர். அடுப்பில் என்ன வேகும் என்ற அக்கறையா அது? குலத்தைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி! மாதரி உணவுப் பழக்கத்தை அறிந்து புதுக்கலம் கொடுத்தாள். இவர்கள் உணவுப் பழக்கத்தை அறிந்து கதவைச் சாத்துகிறார்கள். விடை பிடிக்காவிட்டால், நேற்றே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்ற பொய் தயாராக இருக்கும். பலகை மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே தொங்கும்.

அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, நாட்டின் எப்பகுதியிலும் வாழவும் குடியமரவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. 15-ஆவது பிரிவு, கடை, உணவு விடுதி, கிணறு, குளம் போன்ற பொது இடங்களில் சாதி, மத வேற்றுமை காட்டித் தடுப்பதை விலக்குகிறது. தனியார் வீட்டு வாயில் அந்தப் பட்டியலில் இல்லை. 2005-ல் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வீட்டுவசதிச் சங்க விதி ஒன்று செல்லும் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் குடியமரும் உரிமை, ஒரு வாசற்படியில் வந்து தயங்கி நிற்கிறது.

அந்த வாசற்படியை அரசு தாண்டிக் காட்டிய முயற்சி ஒன்று உண்டு. 1997-ல் கலைஞர் ஆட்சியில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம். முதலாவது சமத்துவபுரம் 1998-ல் திறக்கப்பட்டது மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில்! நூறு வீடுகள், ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10 என்று ஒதுக்கி, தெருவுக்கொரு சாதி என்ற பழைய வரைபடத்தைக் கிழித்துக் கலந்து குடியமர்த்தினர். அரசு கட்டிய நூறு வீடுகளில் முடிந்தது, நாம் கட்டிய பல்லாயிரம் வீடுகளில் ஏன் முடியவில்லை? ஆணை போட்டால் கலந்து வாழ்வோம். ஆணை இல்லாவிட்டால் அக்கிரகாரமும் ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடப்போம் என்றால், பகுத்தறிவு நம் பேச்சில் குடியேறியிருக்கிறதே தவிர வீட்டில் குடியேறவில்லை.

மன்னன் கேட்கத் தவறிய கேள்வியையும் நாம் கேட்பதாகத் தெரியவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயில் வழிபாட்டுக்காகக் குடும்பத்தோடு வெளியூரிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுறப்பட்டு அடித்தே கொல்லப்பட்டார். கைப்பேசியில் பரவிய வதந்தி அங்கே பொற்கொல்லன் வேலையைச் செய்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான காணொளிகள் பரப்பப்பட்டன. பொய் என்று அரசும் காவல்துறையும் விளக்குவதற்குள் அச்சம் பரவிவிட்டது. நம்மேல் சுமத்தப்பட்ட அந்தப் பழி நமக்குக் கசந்தது. கசக்கட்டும். விசாரிக்காத பழி எப்படிச் சுடும் என்பதை அது நமக்கும் கற்பித்தது.

தமிழர்க்கு இது புதிய பாடமும் அன்று. 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1966-ல் பம்பாயில் தோன்றிய சிவசேனை, பிழைக்கச் சென்ற தென்னாட்டாரைக் குறிவைத்து வளர்ந்தது. அங்கெல்லாம் நாம் கோவலன். அந்த வேதனையை அறிந்த நாம், திருப்பூரில் துணி தைக்க வந்த ஒடிசாக் குடும்பத்துக்கும், வயநாடு செல்லாமல் நம் நகரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்த தருமபுரிக் குடும்பத்துக்கும் யாராக இருக்கப் போகிறோம்? பொற்கொல்லனாகவா? மாதரியாகவா?

மொழியுரிமைக்காகவும் மாநில உரிமைக்காகவும் நாம் நடத்தும் போர் ஆதிக்கத்தை எதிர்த்த போர். அடுப்பு மூட்ட இடம் தேடி வரும் ஏழையை எதிர்த்த போர் அன்று. இந்த இரண்டையும் குழப்புகிறவர் நம் கொள்கையை அறியாதவர்.

இளைஞர்களே! மன்றங்களில் சிலம்பைப் பேசுங்கள். கண்ணகியின் நீதிக் குரலைப் பேசுங்கள். ஆயிரம் பொற்கொல்லர் பலியையும் மறைக்காமல் பேசுங்கள். பேசி முடித்து வீடு திரும்பியதும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டின் மாடியறையோ பின்கட்டோ வாடகைக்கு விடப்படுமானால், வருகிறவரிடம் தந்தையார் என்ன கேட்கிறார் என்று அருகிருந்து கவனியுங்கள். ஊர் கேட்கலாம், தொழில் கேட்கலாம், வாடகை பேசலாம். தெருவும் குலதெய்வமும் கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி வேண்டாம் அப்பா என்று சொல்லுங்கள். மேடையில் ஆயிரம் பேர் முன் முழங்குவதைவிட அது கடினம். செய்து பாருங்கள்.